தொலைந்த கைபேசியை அரசுத் தளம் வழியாக முடக்குவது எப்படி?

முதலில் போலீசில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். அடுத்து, அதே எண்ணுக்கு மாற்று சிம் எடுங்கள். பலர் தடுமாறுவது இங்கேதான்: மாற்று சிம்மில் முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது, ஓ.டி.பி. இல்லாமல் விண்ணப்பம் நகராது. பொறுத்திருங்கள், சிம்மில் கோளாறு இல்லை.

பிறகு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் புகார் நகல், அடையாள அட்டை, 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் (ஒவ்வொரு கைபேசிக்கும் உரிய அடையாள எண்) ஆகியவற்றைப் பதியுங்கள். இந்த எண் கைபேசி வந்த பெட்டியின்மேல் இருக்கும். பெட்டியைத் தூக்கிப் போடுபவர்கள் இன்றே *#06# அழுத்திக் குறித்து வையுங்கள். இரட்டை சிம் கைபேசிக்கு இரண்டு ஐ.எம்.இ.ஐ. எண்களையும் கொடுங்கள்.

24 மணி நேரத்துக்குள் கைபேசி முடங்கும். முடக்கினாலும் போலீஸ் தேடுவதற்குத் தடையில்லை. தளத்தில் பதிந்ததும் கிடைக்கும் கோரிக்கை எண்ணைத் தொலைத்துவிடாதீர்கள். கைபேசி கிடைத்ததும் முடக்கத்தை நீக்க அது வேண்டும்.