ரோலிங் ஸ்டோன்ஸ் காணொளிகளைக் காலவரிசையில் பார்ப்பது எப்படி?

1962-இல் லண்டனில் உருவான ரோலிங் ஸ்டோன்ஸ், எம்டிவி இசைத் தொலைக்காட்சி தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே தன் பாடல்களுக்குப் படம் எடுத்துவரும் ராக் இசைக்குழு. இக்குழுவின் காணொளிகளைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள், ஒவ்வொன்றிலும் குழுவினர் எங்கே இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்பதை மட்டும் கவனித்தாலே அரை நூற்றாண்டு மாற்றம் பிடிபட்டுவிடும்.

முதலில் 1967-ஆம் ஆண்டின் 'வி லவ் யூ' பாடலைப் பாருங்கள். குழுவின் பாடகர் மிக் ஜாகரும் கிதார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸும் போதைப்பொருள் வழக்கில் சிக்கியிருந்த நேரத்தில், பீட்டர் வைட்ஹெட் எடுத்த இப்படத்தில் ஜாகர், வழக்கில் சிக்கிச் சிறை சென்ற எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டாக நீதிமன்றத்தில் நிற்கிறார். பிபிசி தன் இசை நிகழ்ச்சியில் இதைக் காட்ட மறுத்துவிட்டது.

இரண்டாவதாக, 1974-இன் 'இட்ஸ் ஒன்லி ராக் அண்ட் ரோல்'. மாலுமி உடையில் குழுவினர் வாசிக்க, கூடாரத்துக்குள் சோப்பு நுரை ஏறிக்கொண்டே போகிறது. உட்கார்ந்து வாசிப்பவர் என்பதால் டிரம்மர் சார்லி வாட்ஸ்தான் முதலில் மூழ்குகிறார், வேடிக்கை அவ்வளவுதான்.

மூன்றாவது படிக்குச் சற்று நேரம் ஒதுக்குங்கள். 1981-இல் மைக்கேல் லிண்ட்சே-ஹாக் இயக்கிய 'ஸ்டார்ட் மீ அப்', 'வெயிட்டிங் ஆன் எ ஃப்ரெண்ட்' ஆகிய இரண்டையும் அடுத்தடுத்து, முதல் முறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். முன்னதில் ஜாகரின் உடல் அசைவே படம் முழுவதையும் தாங்குகிறது. பின்னதிலோ அவர் நியூயார்க்கின் ஈஸ்ட் வில்லேஜ் பகுதியில் ஒரு வீட்டுப் படிக்கட்டில், ரெகே பாடகர் பீட்டர் டோஷின் அருகில், ரிச்சர்ட்ஸ் வருவதற்காகக் காத்திருக்கிறார். நட்பைச் சொல்ல ஒரு தெருவே போதும் என்று காட்டிய இதுவே, என் கணிப்பில், இக்குழுவின் ஆகச்சிறந்த காணொளி.

அதன்பின் வருபவை இயக்குநர்களின் படங்கள். ஜூலியன் டெம்பிளின் 'அண்டர்கவர் ஆஃப் த நைட்' (1983) அரசியல் வன்முறையைக் கதையாக்கியது. டேவிட் ஃபின்ச்சரின் 'லவ் இஸ் ஸ்ட்ராங்' (1994), நியூயார்க் கட்டடங்களுக்கிடையே அவர்களை அரக்க உருவங்களாகக் கறுப்பு வெள்ளையில் உலவவிட்டு, கிராமி விருதும் பெற்றது. இவ்விரண்டையும் ஒரே அமர்வில் முடித்துவிடலாம்.

கடைசியாக, 2023-இன் 'ஆங்ரி'. நடிகை சிட்னி ஸ்வீனி திறந்த காரில் லாஸ் ஏஞ்சலிஸின் சன்செட் சாலையில் செல்ல, விளம்பரப் பலகைகளில் இருக்கும் பழைய ஸ்டோன்ஸ் உருவங்கள் புதிய பாடலுக்கு வாயசைக்கின்றன. முதுமையடைந்த குழு, தன் இளமைக் காட்சிகளையே நடிகர்களாக்கிக்கொண்டது. ஒவ்வொரு பலகை வரும்போதும் காணொளியை நிறுத்தி, உடையையும் சிகை அலங்காரத்தையும் வைத்து அது எந்தப் பத்தாண்டைச் சேர்ந்தது என்று ஊகித்துப் பாருங்கள். பிடிபடாத காலத்தின் காணொளிகளை அடுத்த அமர்வில் தேடிப் பார்க்கலாம்.