ரோஜாவும் ஊதும்: எழுத, வரைய உட்காரும் முன் அத்தர் பூசும் முறை

ரோஜா–ஊத் கலவை கல்யாண வீட்டுக்கும் பெருநாளுக்கும் பேர்போனது. அங்கே பூசும் அதே அளவைப் பூசிக்கொண்டு எழுத்து மேசையில் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் நெற்றிப்பொட்டு வலிக்கத் தொடங்கிவிடும். வேலைக்கென்று பூசும்போது அளவு வேறு, பூசும் இடம் வேறு, நேரமும் வேறு.

மணம் கவனத்தைக் கூட்டும் மருந்து என்று எண்ண வேண்டாம். அது பழக்கத்தை எழுப்பும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாம்பிராணிப் புகை வந்தால் விளக்கேற்றும் நேரம் என்று வீடே அறிந்துகொள்கிறது அல்லவா? அதே வேலையை இந்த அத்தர் உங்கள் மேசைக்குச் செய்யும். மற்றப் புலன்களின் செய்திகள் மூளையின் நடுவிலுள்ள தாலமஸ் வழியாக, மேலடுக்கான புறணிக்குப் போகின்றன. மணமோ அந்த வழியைச் சுற்றாமல் நினைவையும் உணர்ச்சியையும் ஆளும் பகுதிகளை நேரே தொடுகிறது. அதனால் ஒரே மணத்தை ஒரே வேலைக்கு மட்டும் சில வாரம் விடாமல் பயன்படுத்தினால், பூசியதும் கை தானாகப் பேனாவைத் தேடும். பூசிவிட்டு அலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால், மணம் அலைபேசிக்குத்தான் பழகும்.

எதை வாங்குவது

ஊத் என்பது நம் அகில்தான். அக்விலேரியா மரத்தில் காயம்பட்டுப் பூஞ்சை ஏறும்போது, மரம் தன்னைக் காத்துக்கொள்ள ஊறவிடும் பிசின் அது. அந்தக் கட்டையைத் தண்ணீரில் ஊறவைத்துக் காய்ச்சி வடிப்பது ஊத் எண்ணெய். வளைகுடா நாடுகளில் தெஹ்ன் அல் ஊத் என்பார்கள். ரோஜாவும் ஊதும் கலந்த கூட்டு அத்தரை முகல்லத் என்பார்கள். சவூதியின் தாயிஃப் மலை ரோஜாவும் ஊதும் அங்கே பிரியாத ஜோடி.

ஊதில் இரண்டு பெயர்களை அடிக்கடி கேட்பீர்கள். ஹிந்தி என்றால் அசாம் பக்கத்துச் சரக்கு. தோல், புகை, மாட்டுத்தொழுவம் எல்லாம் சேர்ந்த வாசனை. கட்டையை நெடுநாள் ஊறப்போட்டுப் புளிக்கவிடுவதால் வரும் குணம் அது. கம்போடி என்றால் பழமும் தேனும் கலந்த இனிப்பு. கடைக்காரர் ஹிந்திதான் உயர்ந்தது என்பார். விலையில் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வேலைக்குக் கம்போடி வகையை வாங்குங்கள். ஹிந்தி ஊதின் முதல் அரை மணி நேரம் அதை மட்டுமே நினைக்க வைக்கும்.

ரோஜா அத்தருக்கு உத்தரப் பிரதேசத்தின் அத்தர் ஊரான கன்னோஜ். டேக் என்னும் செம்புப் பானையில் இதழும் தண்ணீரும் கொதிக்க, ஆவி மூங்கில் குழாய் வழியே பப்கா என்னும் குடத்திலிருக்கும் சந்தன எண்ணெயில் இறங்கும். சந்தனம் விலை ஏறிவிட்டதால் இன்று பலர் லிக்விட் பாரஃபின் என்னும் மணமற்ற கனிம எண்ணெயில் இறக்குகிறார்கள். சந்தன அடித்தளம் இருந்தால் தோலில் நிற்கும் நேரம் தெளிவாகவே கூடும்.

விலையை வைத்து ஒரு கணக்குப் போடலாம். ஒரு கிலோ சுத்த ரோஜா எண்ணெய்க்கு ஏறக்குறைய 3,500 முதல் 4,000 கிலோ இதழ் வேண்டும். எனவே நூறு ரூபாய்க்கு 6 மி.லி. ‘ரோஸ் ஊத்’ கிடைத்தால் அது ஆய்வகத்தில் கூட்டிய கலவை. அதனால் அது தாழ்ந்தது என்று ஆகிவிடாது. செயற்கைக் கலவை நாளுக்கு நாள் மாறாமல் ஒரே மாதிரி மணக்கும், பழக்கம் பிடிக்க அது நல்லது. ஒரு எச்சரிக்கை மட்டும்: மலிவான ஊத் கலவைகளில் மர-ஆம்பர் எனப்படும் கூர்மையான செயற்கை மணப்பொருள்களை அள்ளிப் போடுவார்கள். சிலர் மூக்குக்கு அவை எட்டுவதே இல்லை, பக்கத்தில் இருப்பவருக்கோ ஊசி குத்துவது போல இருக்கும். வாங்கும் முன் வேறொருவரை முகரச் சொல்லுங்கள்.

என் சிபாரிசு, ரோஜா 3 மி.லி., ஊத் 3 மி.லி. என்று இரண்டு தனிச் சீசாக்கள். முகல்லத்தில் விகிதம் கடைக்காரர் கையில் இருக்கும், தனித்தனியாக இருந்தால் உங்கள் கையில். சீசாவோடு கண்ணாடிக் குச்சி இருக்கிறதா என்று பாருங்கள். உருட்டுப் பந்து வைத்த சீசா வேண்டாம். தோலின் எண்ணெயும் வியர்வையும் பந்தோடு உள்ளே போகும், கெட்டியான ஊத் பந்தில் சிக்கி ஒரு நாள் வராது, மறுநாள் கொட்டும். ஸ்ப்ரேயும் இந்த வேலைக்கு ஒத்துவராது. ஓர் அழுத்தத்துக்குச் சுமார் 0.1 மி.லி. பாய்ந்துவிடும், அதைப் பாதியாக்க வழியில்லை.

படி 1: தோல் சோதனை

ஊதைக் குச்சியால் ஒரு தொடுதல் முழங்கை மடிப்பில் வைத்து 48 மணி நேரம் பாருங்கள். மறு கையில் ரோஜா. அரிப்பு, சிவப்பு, தடிப்பு எது வந்தாலும் அதைத் தோலில் பூச வேண்டாம். ரோஜாவிலுள்ள ஜெரானியால், சிட்ரோனெல்லால் போன்ற மணப்பொருள்கள் சிலருக்கு ஒவ்வாமை தரும். இயற்கை எண்ணெய்க்கும் இது பொருந்தும்.

சுத்த ரோஜா எண்ணெயோ சுத்த ஊத் எண்ணெயோ கிடைத்திருந்தால் அப்படியே பூசாதீர்கள். மணமில்லாத ஹோஹோபா (jojoba) விதை எண்ணெய் 10 மி.லி., அதில் ரோஜா 1 சொட்டு, ஊத் 2 சொட்டு. ஒரு வாரம் இருட்டில் வைத்தபின் எடுங்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், நல்லெண்ணெய்க்குச் சொந்த வாசனை உண்டு. இரண்டும் இதற்கு ஆகாது.

படி 2: நேரம்

வேலை தொடங்குவதற்கு 30 நிமிடம் முன்பு பூசுங்கள். உட்காரும்போது பூசினால் ஊதின் காட்டமான முதல் முகமும் உங்கள் முதல் வரியும் ஒரே நேரத்தில் வந்து மோதும். அரை மணியில் அது தணிந்து மரவாசனை அமரும். இடையில் குளித்த ஈரம் உலரட்டும், காப்பியைக் குடித்து முடியுங்கள்.

படி 3: அளவும் இடமும்

குச்சியைச் சீசாவின் வாயில் துடைத்துவிட்டு எடுங்கள். நுனியில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம்தான் ஒரு தொடுதல். ஊத் ஒரு தொடுதல், இரண்டு நிமிடம் கழித்து அதன் மேலேயே ரோஜா இரண்டு தொடுதல். ஊத் கனமானது, மெல்ல ஆவியாகும். ரோஜா இலேசானது, முதலில் பறந்துவிடும். ஊதின் மேல் வைத்தால் ரோஜா சற்றே தங்கும். தேய்க்க வேண்டாம், தேய்க்கும் சூட்டில் ரோஜாதான் முதலில் போகும்.

மணிக்கட்டும் கழுத்தும் எல்லோரும் சொல்லும் இடங்கள். மேசை வேலைக்கு இரண்டுமே தவறு. மணிக்கட்டு கீபோர்டிலும் காகிதத்திலும் உரசும், கண்ணைக் கசக்கினால் எரியும். கழுத்து மூக்குக்கு மிகப் பக்கம், மணம் இடைவிடாமல் வரும். சட்டைக்குள் மார்பின் நடுவிலோ, வேலை செய்யாத கையின் முழங்கை மடிப்பிலோ பூசுங்கள். மார்பில் பூசினால் உடல் சூட்டில் காற்று எழும்போது சட்டைக் காலர் வழியாக விட்டுவிட்டு வரும். முழங்கையில் பூசினால் கையை மடக்கும்போது மட்டும் வரும். இந்த விட்டுவிட்டு வருவது ஏன் முக்கியம் என்பதை அடுத்த படியில் பாருங்கள்.

படி 4: மூக்கு பேசாமல் போகும்போது

பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். உட்கார்ந்து இருபது நிமிடம் ஆகும். மணம் இல்லை. ‘போய்விட்டது போல’ என்று இன்னொரு தொடுதல். மறுபடி இருபது நிமிடம், மறுபடி ஒன்று. மதியத்துக்குள் தலை கனக்கும், பக்கத்து அறைக்காரர் ஜன்னலைத் திறப்பார்.

மணம் எங்கும் போகவில்லை, மூக்கு பழகிவிட்டது. மாறாமல் வந்துகொண்டிருக்கும் மணத்தை மூக்கும் மூளையும் செய்தியாக எடுத்துக்கொள்வதில்லை. புதிதாக வரும் புகை, கெட்டுப்போன உணவு போன்றவற்றைக் கண்டுபிடிக்கவே அந்த ஏற்பாடு. மணம் மறைந்ததாகத் தோன்றும் அந்த நேரம்தான் நீங்கள் வேலைக்குள் போன நேரம். அதை வெற்றியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மணம் உண்மையிலேயே இருக்கிறதா என்று அறிய அறையை விட்டு வெளியே போங்கள். மொட்டை மாடியிலோ வாசலிலோ 10 நிமிடம் நின்றுவிட்டுத் திரும்புங்கள். கதவருகில் இலேசாக ரோஜா தட்டினால் அளவு சரி. கதவுக்கு வெளியிலேயே தட்டினால் அடுத்த நாள் பாதியாக்குங்கள். காப்பிக்கொட்டையை முகர்ந்தால் மூக்கு தெளியும் என்று கடைகளில் ஒரு கிண்ணம் வைத்திருப்பார்கள். அதனால் தனிப் பயன் எதுவும் இல்லை, வெறும் காற்றே போதும்.

பூசிய நேரத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மேசையில் ஒட்டுங்கள். நான்கு மணி நேரத்துக்குள் சீசாவைத் தொடக்கூடாது. சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டாவது அமர்வு இருந்தால் ரோஜா மட்டும் ஒரு தொடுதல். ஊத் அப்போதும் தோலில் இருக்கும். எட்டு மணி நேரத்துக்கு மேலும் நிற்கக்கூடியது அது. இரண்டாம் முறையும் ஊதைப் பூசுவதுதான் மாலைத் தலைவலிக்குக் காரணம்.

படி 5: கழுவுவது

வேலை முடிந்ததும் மணத்தையும் முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் அது வேலைக்கான அடையாளமாக நிற்காது. வெறும் சோப்பு ஊதை அசைக்காது. ஊத், எண்ணெயில்தான் கரையும். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயைப் பூசிய இடத்தில் தடவி, பஞ்சால் துடைத்து, பிறகு சோப்புப் போடுங்கள். சட்டையையும் மாற்றுங்கள். கல்யாணத்துக்கும் விருந்துக்கும் வேறு அத்தர் வைத்துக்கொள்ளுங்கள்.

கைவேலைக்கு ஏற்ற மாற்றங்கள்

நீர்வண்ணம் தீட்டுபவர்கள் அத்தர் பட்ட விரலால் காகிதத்தைத் தொடவே கூடாது. எண்ணெய் பட்ட இடத்தில் வண்ணம் பிடிக்காது, வட்டமாக ஒதுங்கும். அது காய்ந்தபின் சரிசெய்ய முடியாது. குச்சியைப் பிடித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தாளை எடுங்கள். மையில் எழுதுபவர்களுக்கும் இதே விதிதான்.

வயலின், வீணை வாசிப்பவர்கள் விரல் நுனியில் எண்ணெய் இருந்தால் தந்தியில் வழுக்குவார்கள். கருவிக்குப் பக்கத்தில் ஸ்ப்ரே அடிப்பதோ அதைவிட மோசம். ஆல்கஹால் அரக்கு மெருகைக் கரைத்துவிடும். பாடுபவர்கள் சாதகத்தின்போது இதைத் தவிர்ப்பது நல்லது. கனமான மணம் தொண்டையை உறுத்தக்கூடும்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

ஏசி அறை: மூடிய அறையில் ஒரே காற்று சுற்றிச் சுற்றி வருவதால் மணம் சேர்ந்துகொண்டே போகும். மேலே சொன்ன அளவில் பாதி போதும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கதவைத் திறந்துவிடுங்கள். ஒற்றைத் தலைவலி, ஆஸ்துமா உள்ளவர்கள் அதே அறையில் இருந்தால் பூசவே வேண்டாம்.

சென்னை வெயில்: சூட்டிலும் வியர்வையிலும் ரோஜா ஒரு மணி நேரம்கூட நிற்பதில்லை என்று கேட்கிறார்கள். பூசும் இடத்தில் முதலில் மணமில்லாத பெட்ரோலியம் ஜெல்லியை மிக மெல்லியதாகத் தடவி, அதன் மேல் அத்தரை வையுங்கள். ஆவியாகும் வேகம் குறையும்.

சீசாவுக்குள் வெள்ளையாகப் படிவது: சுத்த ரோஜா எண்ணெய் 20 டிகிரி அருகில் உறையத் தொடங்கும். அதிலுள்ள மெழுகுதான் காரணம், கெட்டுப்போகவில்லை. ஊட்டியிலும் ஏசி அறையிலும் இது சாதாரணம். உள்ளங்கையில் ஐந்து நிமிடம் பிடித்தால் தெளியும். அடுப்பில் காட்டக்கூடாது.

வளைகுடாவிலிருந்து கொண்டுவருவது: அக்விலேரியா மரங்கள் அனைத்தும் 2005 முதல், காட்டு உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் (CITES) என்னும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. சொந்த உபயோகத்துக்கு ஊத் எண்ணெய் 24 மி.லி. வரை அனுமதிச் சீட்டு இல்லாமல் கொண்டுபோகலாம் என்பது அதன் பொது விதி. நாடுகள் இதைவிடக் கடுமையாகவும் விதிக்கலாம் என்பதால் கிளம்பும் முன் சுங்க விதியைப் பார்த்துவிடுங்கள்.

தோலுக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள்: பஞ்சில் அத்தர் தோய்த்துக் காது மடலில் செருகும் பழைய வழக்கம் உண்டு. மேசை வேலைக்குக் காது மூக்குக்கு மிகப் பக்கம். கடலை அளவு பஞ்சில் அதே ஒன்றுக்கு இரண்டு கணக்கில் தொட்டு, மூடியுள்ள சிறு தகர டப்பாவில் போட்டு, மேசையின் கடைசி இழுப்பறையில் வையுங்கள். உட்காரும்போது மூடியைத் திறந்து இழுப்பறையை விரலளவு நீக்கி விடுங்கள். எழும்போது இரண்டையும் மூடுங்கள். ஒரு பஞ்சு நான்கைந்து நாள் வரும்.