பழைய போர்விமான கேமில் மேகம் போடுகிறீர்களா? இந்தத் தவறுகளில் மாட்டாதீர்கள்

தண்டையார்பேட்டை மொட்டை மாடியிலிருந்து நான் எடுத்த மேகப் படத்தில் ஒரு காத்தாடி இருந்திருக்கிறது. கவனிக்கவில்லை. மேகத்தை மட்டும் வெட்டி, டெக்ஸ்சராக (கேமில் பொருள்கள் மேல் ஒட்டும் படம்) மாற்றி, ‘ஐஎல்-2 ஸ்டர்மோவிக் 1946’ கேமில் போட்டு விமானத்தை ஏற்றினேன். ஸ்டாலின்கிராட் வானத்தில் எந்த மேகத்தைப் பார்த்தாலும் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. எதிரி விமானம் என்று நினைத்து இரண்டு நிமிடம் துரத்தினேன். கிட்டே போனால் வாலோடு காத்தாடி. ஒன்றல்ல, கண்ணுக்கு எட்டிய வரை காத்தாடி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன், “மச்சான், மாஞ்சா பாத்து ஓட்டுடா” என்றான்.

ஏன் இப்படி ஆனது என்று தெரிந்தால் மற்ற தவறுகளும் தானாகப் புரியும். இந்தக் கேம் முதலில் வந்தது 2001-ல்; ‘1946’ தொகுப்பு 2006-ல். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு மேகத்தை நிஜக் கனத்தோடு கணக்குப் போடத் தெம்பு கிடையாது. அதனால் நாம் மேகம் என்று பார்ப்பது வெறும் கட்-அவுட். நம்ம ஏரியாவில் தலைவர் பிறந்தநாளுக்கும் படம் ரிலீசுக்கும் வைப்பார்களே, அதேதான். அதற்குப் பின்னால் போனால் சவுக்குக் கட்டை தெரிந்துவிடும். கேமில் இருக்கும் கட்-அவுட்டோ நீங்கள் எந்தப் பக்கம் போனாலும் உங்களைப் பார்த்தே திரும்பிக்கொள்ளும். இப்படி ஏகப்பட்ட அட்டைகளை முன்னும் பின்னுமாக அடுக்கினால் ஒரு மேகம். மேக மோட் (கேமை மாற்ற ரசிகர்கள் செய்யும் ஃபைல்கள்) என்று இறக்குவதில் பெரும்பாலானவை அந்த அட்டையில் ஒட்டும் படத்தைத்தான் மாற்றுகின்றன.

ஆக, முதல் தவறு: முழு மேகத்தையே படமாக ஒட்டுவது. அட்டை என்பது மேகத்தின் ஒரு பிய்ந்த பஞ்சு மட்டுமே. அடையாளம் தெரிகிற எந்த உருவமும் அதில் இருக்கக்கூடாது. யானை மாதிரி ஒரு மூலை இருந்தால் வானம் பூரா யானை. இடிமேகத்தின் தலையை ஒரு பக்கம் சாய்த்து வரைகிறவர்களும் உண்டு. பார்க்க அழகுதான். ஆனால் அட்டை உங்களோடு திரும்புவதால், வடக்கிலிருந்து பார்த்தாலும் தெற்கிலிருந்து பார்த்தாலும் அது இடது பக்கமே சாயும். நிஜத்தில் அந்தச் சாய்வு காற்றின் திசையைக் காட்டுவது. ஜூலை, ஆகஸ்டில் நம் ஊர் இடிமேகத்தின் தலை மேற்கே நீளும். 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் அப்போது காற்று கிழக்கிலிருந்து வீசுகிறது.

அடுத்தது கருப்பு விளிம்பு. புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் இதில் விழுகிறார்கள், நானும் விழுந்தேன். மேகத்தைச் சுற்றியுள்ள வானத்தை அழித்தால் அந்த இடம் ஒளிபுகும், சரி. ஆனால் அந்தப் பிக்சலுக்கு அடியில் ஒரு நிறம் இன்னும் இருக்கிறது. பல மென்பொருள்களில் அது கருப்பு. தூரத்து அட்டையைச் சிறிதாக்கும்போது கிராபிக்ஸ் கார்டு பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களைக் கலக்கும். வெள்ளை ஓரத்தில் கருப்பும் கலந்துவிடும். வண்ணான்துறையில் கறை போகாமல் வெளுத்த வேட்டி மாதிரி ஒவ்வொரு பஞ்சுக்கும் ஒரு அழுக்கு வரி. இதற்கு வழி: நிறத்தையும் ஒளிபுகும் அளவையும் தனித்தனியாக வையுங்கள். நிறப் பகுதியை ஓரம் வரை முழுக்க மேக நிறத்தால் நிரப்பிவிடுங்கள். உருவத்தை ஆல்ஃபா சேனலில், அதாவது ஒளிபுகும் அளவை வைக்கும் பகுதியில் மட்டும் வரையுங்கள். 32 பிட் டீஜிஏ என்ற பட ஃபைலாகச் சேமியுங்கள். பக்க அளவு 256, 512, 1024 என்று இரட்டித்துப் போகும் எண்ணாக இருக்கட்டும்.

காம்பாட் ஃப்ளைட் சிமுலேட்டர் 3 மாதிரி டிடிஎஸ் என்ற வகைப் பட ஃபைலைப் படிக்கும் கேம் என்றால் ஒரு எச்சரிக்கை. அதில் படத்தைச் சுருக்கும் முறைகள் பல. டிஎக்ஸ்டி1-ல் ஒளிபுகுதல் உண்டு, இல்லை என்ற இரண்டே நிலை. மேகம் கத்தரியால் வெட்டின மாதிரி வரும். டிஎக்ஸ்டி3-ல் 16 படிகள், ஓரத்தில் வளையம் வளையமாகத் தெரியும். மேகத்துக்கு டிஎக்ஸ்டி5-தான்.

மாலை வெயிலில் எடுத்த தங்க நிற மேகத்தை அப்படியே போடாதீர்கள். கேம் தன் சூரியனுக்கு ஏற்ப அட்டைக்குச் சாயம் பூசும். படத்திலேயே தங்கம் இருந்தால் உச்சிவெயில் மிஷனிலும் தங்கம்தான். வெளிர் சாம்பல், மேலே கொஞ்சம் வெளுப்பு, கீழே கொஞ்சம் கனம், அவ்வளவு போதும். தனியாகத் திறந்து பார்த்தால் சப்பென்றுதான் இருக்கும்.

இப்போது பேராசை விஷயம். 4096-க்கு 4096 படம் போட்டால் ஸ்கிரீன்ஷாட் பிரமாதமாக வரும் என்று எண்ணம். அந்த ஒரு படம், சுருக்காமல், மெமரியில் 64 எம்பி. மிப்மேப் (தூரத்தில் காட்ட வைக்கும் சிறிய நகல்கள்) சேர்ந்தால் 85. பத்துப் படம் என்றால் 850 எம்பி. இந்தக் கேம் மாதிரி 32 பிட் புரோகிராமுக்கு விண்டோஸ் வழக்கமாகத் தருவதே 2 ஜிபி. அதில் விமானங்கள், மேப், சத்தம் எல்லாம் அடங்க வேண்டும். மிஷன் ஏறும்போதே கேம் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும். இருபது வருஷத்து அட்டைக்கு 512 தாராளம், மிஞ்சிப்போனால் 1024.

மெமரி தப்பினாலும் வேகம் தப்பாது. சோதனையை எல்லோரும் மேகத்துக்கு வெளியே நின்று செய்கிறார்கள், அங்கே எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடும். உள்ளே நுழையுங்கள். ஒவ்வொரு அட்டையும் முழுத் திரையை மறைக்கும். 1920-க்கு 1080 திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல். முப்பது அட்டை குறுக்கே நின்றால் ஒரு ஃப்ரேமுக்கு 6.2 கோடி, நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் 373 கோடி. கத்திரி வெயிலில், தகரக் கூரை அறையில், ஃபேன் காற்றே சூடாக வரும்போது என் கார்டு இதைப் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. அட்டை எண்ணிக்கையைக் கூட்டும் மோட் என்றால், மழைமேகத்துக்குள் புகுந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மோட் போட்டும் எதுவும் மாறவில்லையா? கேமை புரோகிராம் ஃபைல்ஸ் உள்ளே வைத்திருப்பீர்கள். அங்கே பழைய கேம் தன் செட்டிங்கை எழுத முயன்றால் விண்டோஸ் அதை விர்ச்சுவல்ஸ்டோர் என்ற வேறு ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். நீங்கள் ஒரு கான்ஃப்.ஐஎன்ஐ-யை (செட்டிங் இருக்கும் ஃபைல்) திருத்துவீர்கள், கேம் இன்னொன்றைப் படிக்கும். டி டிரைவில் தனி ஃபோல்டர் போட்டு அங்கே நிறுவுங்கள். நிறுவிய கையோடு மொத்த ஃபோல்டரையும் ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.

ஊர் மாறிப்போவது பலர் கண்ணில் படாத தவறு. மேகத்தின் அடி எந்த உயரத்தில் நிற்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. தரையின் வெப்பநிலைக்கும், காற்றின் ஈரம் நீராகத் தொடங்கும் ட்யூ பாயின்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 125-ஆல் பெருக்குங்கள். காசிமேட்டில் 34 டிகிரி, ட்யூ பாயின்ட் 25 என்றால் 1,125 மீட்டர். வறண்ட புல்வெளியில் 32-ம் 12-ம் என்றால் 2,500 மீட்டர். மிஷன் எடிட்டரில் மேக உயரம் கேட்கும் கட்டத்தில் இதைப் போடுங்கள். மலை இருக்கும் மேப்பில் மலைக்கு மேலே வையுங்கள்; இல்லாவிட்டால் அட்டை மலையில் செருகி நேர்கோடு தெரியும். நம் மாடிப் படங்கள் பசிபிக் மேப்புக்குத்தான் பொருந்தும், ரஷ்யக் குளிர்காலத்துக்கு அல்ல.

இரண்டு பேராக ஆடினால் கடைசியாக ஒன்று. வியாசர்பாடியில் நண்பன் வீட்டில் கேபிள் போட்டு ஆடினோம். தொடர்ந்து நானே விழுந்தேன். கனமான மேகத்துக்குள் புகுந்து பதுங்கியிருக்கிறேன், எப்படிச் சுடுகிறான்? எழுந்து போய் அவன் திரையைப் பார்த்தேன். அவனிடம் இருந்தது பழைய மெல்லிய மேகம். என் விமானம் கண்ணாடித் தொட்டிக்குள் மீன் மாதிரி பளிச்சென்று தெரிந்தது. இப்போதெல்லாம் ஆட்டம் தொடங்கும் முன் ஒரே பென் டிரைவிலிருந்துதான் இரண்டு கம்ப்யூட்டருக்கும் மேகம் ஏறுகிறது.