"பாமசியையாவது போடு" என்று சொல்லாமல் பிள்ளையை மருந்தாளராக்க

யாழ்ப்பாணத்தில் பயோ படிக்கிற பிள்ளையிடம் என்னவாக வரப்போகிறாய் என்று கேட்டால் டொக்டர் என்றுதான் பதில் வரும். மருந்தாளர் என்ற பேச்சே இசட் புள்ளி (உயர்தரப் பரீட்சைக்குப் பிறகு பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கும் புள்ளி) வந்த பிறகுதான் வீட்டில் எழும்: "மெடிசின் கிடைக்காது, பாமசியையாவது போடு." அந்த "ஆவது"தான் வினை. தோற்றதற்கு ஆறுதலாக வந்த படிப்பில் எந்தப் பிள்ளைக்கு மனம் ஒட்டும்? ஆகவே தரம் 10, 11இல், உயர்தரப் பிரிவைத் தெரிவு செய்யும் முன்பே இந்தத் தொழிலின் வேலையைக் காட்டிவிட வேண்டும்.

ஆசிரியருக்கு இதற்கு இரண்டு பாடவேளை போதும். பேச்சு பத்து நிமிடத்தைத் தாண்டக்கூடாது. மிச்ச நேரம் பிள்ளைகளின் கை வேலை செய்யட்டும்.

முதலில் ஒரு கணக்கு. கழுவிக் காயவைத்த இரண்டு வெற்றுப் போத்தல்களில் லேபிள் ஒட்டுங்கள். ஒன்றில் "பரசிற்றமோல் 120 மி.கி./5 மி.லீ.", மற்றதில் "250 மி.கி./5 மி.லீ." 12 கிலோ நிறையுள்ள பிள்ளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் ஒரு வேளைக்கு 180 மி.கி. வேண்டும். முதற் போத்தலில் அது 7.5 மி.லீ. இனி இரண்டாவது போத்தலைக் கொடுத்து, "தாய் வழக்கம்போல அதே 7.5 மி.லீ.யைப் பருக்கினால்?" என்று கேளுங்கள். விடை 375 மி.கி.: வேண்டியதன் இரட்டிப்புக்கும் மேல். மருந்தும் சரி, வருத்தமும் சரி, போத்தல் மட்டும் மாறியிருக்கிறது. கவுண்டரில் இதைக் கண்டுபிடித்து நிறுத்துகிறவர் மருந்தாளர். இதைக் கணக்காகச் செய்து பார்த்த பிள்ளைக்கு விளக்கவுரை தேவைப்படாது. கையோடு, வீட்டிலிருந்து கொண்டுவந்த தேக்கரண்டிகளில் ஊசி இல்லாத சிரிஞ்சால் தண்ணீர் அளக்கச் சொல்லுங்கள். ஒன்றின் அளவு மற்றதற்கு வராது.

அடுத்தது குளிசை. குடலில் கரையும்படி உறை பூசிய அஸ்பிரின் இரண்டு எடுங்கள். ஒன்றை வினாகிரியிலும் மற்றதை அரைக் கிளாஸ் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா கரைத்த கரைசலிலும் போடுங்கள். இரண்டும் இளஞ்சூடாக, உடல் வெப்பநிலைக்குக் கிட்ட இருக்கட்டும். புளிப்பில் உறை தாங்கும். சோடாவில் இளகிக் குளிசை உடையும். இரைப்பையைத் தாண்டிய பிறகே கரைய வேண்டிய குளிசையை ஏன் இடித்துக் கொடுக்கக்கூடாது என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும். இது பிழைக்கிற இடங்கள் இரண்டு. தண்ணீரில் கரையும் வகை அஸ்பிரினை வாங்கிவிட்டால் இரண்டு கிளாசிலும் கரைந்துவிடும். குளிர்ந்த நீரென்றால் மணியடிக்கும் வரை ஒன்றுமே நடக்காது. முதல் நாளே செய்து பார்த்து, எடுக்கும் நேரத்தைக் குறித்து, ஒரு சோடியை வகுப்புக்கு முன்பே ஊறப் போட்டு வையுங்கள். குளிசைகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். ஒருவரும் வாயில் வைக்கக்கூடாது.

பாமசிக்குக் கூட்டிப்போவதென்றால் அனுமதி பெற்று, ஐந்து பேருக்கு மேற்படாமல், கிளினிக் கூட்டம் கலைந்த பிற்பகலில் போங்கள். நோயாளிகளின் மருந்துத் துண்டுகளைப் படம் எடுக்க விடாதீர்கள். குளிரூட்டியைக் காட்டச் சொல்லுங்கள்: இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும், ஒருமுறை உறைந்தால் பிறகு இளகினாலும் எறியத்தான் வேண்டும். கரண்ட் நின்றால் என்ன செய்வீர்கள் என்று பிள்ளைகளே கேட்கட்டும்.

பாதையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். உயர்தரத்தில் உயிரியல் பிரிவு; இரசாயனவியலில் கால் ஊன்ற வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே நான்கு வருட மருந்தாளர் பட்டப்படிப்பு இருக்கிறது. பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, றுகுணு பல்கலைக்கழகங்களிலும் உண்டு. அந்தந்த ஆண்டின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுக் கைநூலில் தகைமைகளை வாசிக்கப் பழக்குங்கள். ரியூசன் வாசலில் கேட்ட கதையை நம்பவேண்டாம். தொழில் செய்ய இலங்கை மருத்துவச் சபையில் பதிய வேண்டும்.

"மருந்துக் கடையில நிக்கிறதுக்கோ இவ்வளவு படிச்சனீ?" என்று கேட்கும் பெற்றோரைத் தனியாக இருத்திக் கதையுங்கள். மருந்தகங்களுக்கு அனுமதி வழங்குவது 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை. பதிவு பெற்ற மருந்தாளர் இல்லாமல் பாமசி நடத்த முடியாது. அரச ஆஸ்பத்திரி, மருந்து உற்பத்தி, தரப் பரிசோதனை, விரிவுரை என்று வேறு கதவுகளும் இருக்கின்றன.

ஆங்கிலத்துக்குப் பயப்படுகிற பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள்: கிழமைக்கு ஒரு மருந்துப் பெட்டியின் உள்ளே மடித்திருக்கும் தாளை எடுத்து, எதற்கு, எவ்வளவு, யாருக்குக் கூடாது என்ற மூன்றையும் தமிழில் கொப்பியில் எழுதிவரட்டும். அம்மம்மாவின் பிரஷர் குளிசையில் தொடங்கலாம்.