போயா நாளில் ஒரு ஐஸ் போத்தல்: எம்.ஆர்.ஐ. எண்களை நம்பும் முன்

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ஏ.டி.சி. என்பது திசுவுக்குள் தண்ணீர் மூலக்கூறுகள் எவ்வளவு பரவுகின்றன என்று காட்டும் எண் (அலகு 10⁻³ மி.மீ.²/செக்கன்). ஆறு மாதத்துக்கு முன் கட்டியின் ஏ.டி.சி. 1.05, இன்றைக்கு 1.15. மருந்து வேலை செய்கிறதா என்று டொக்டர் கேட்கிறார். மாறியது நோயாளியா, மெஷினா? மெஷினின் சரித்திரம் கையில் இருந்தால்தான் பதில் சொல்லலாம்.

அதற்கு விலைகூடிய ஃபான்டம், அதாவது மெஷினைச் சோதிக்கும் மாதிரிப் பொருள், வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தண்ணீரின் ஏ.டி.சி. சூட்டோடு ஏறும், பாகைக்குச் சுமார் 2 முதல் 3 சதவீதம். கொழும்பு வெக்கையில் கிடந்த போத்தலைத் தூக்கிவந்து உடனே அளந்தால், அளப்பது மெஷினையல்ல, வெக்கையைத்தான். உருகும் ஐஸ் எந்த ஊரிலும் 0 பாகை. அந்தக் குளிரில் தூய நீருக்கு 1.1 வர வேண்டும்.

காய்ச்சி வடித்த நீரைக் குமிழியில்லாமல் ஒரு பிளாஸ்டிக் குழாயில் அடையுங்கள். அகலவாய் பிளாஸ்டிக் போத்தலின் நடுவில் அதை நிறுத்தி, சுற்றிலும் நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் போட்டு ஒரு மணிநேரம் விடுங்கள். எவர்சில்வர் ஃபிளாஸ்க் அறை வாசலையே தாண்டக் கூடாது. நம்மூர் ஈரப்பதத்தில் போத்தல் நன்றாக வேர்க்கும். பொலித்தீன் பையில் கட்டி, அடியில் துவாய் விரியுங்கள். சிக்னல் பிடிக்கும் கொயிலுக்குள் தண்ணீர் போனால் அப்புறம் யார் பதில் சொல்வது? ஸ்கேன் முடிந்து எடுக்கும்போதும் ஐஸ் மிதக்க வேண்டும். இல்லையென்றால் அன்றைய எண் செல்லாது.

குழாய் காந்தத்தின் நட்ட நடுவில் இருக்கட்டும். தள்ளிப்போனால் கிரேடியன்ட் (இடத்துக்கு இடம் சீராக மாறும் காந்தப்புலம்) கோணி எண்ணும் கோணும். பரவலை அளக்கும் மூன்று திசைகளின் எண்களையும் தனித்தனியே குறியுங்கள். ஒரு திசை கெட்டாலும் சராசரி அதை மூடிவிடும்.

எப்போது செய்வது? பௌர்ணமி விடுமுறையான போயா நாளில். கூட்டம் குறைவு, மாதம் தவறாமல் வரும். கொப்பியில் திகதி, கொயில், சொஃப்ட்வெயார் பதிப்பு மூன்றும் இருக்கட்டும். சொஃப்ட்வெயார் மாற்ற இன்ஜினியர் வருகிறாரா, அதற்கு முன்னும் பின்னும் கட்டாயம் அளந்துவிடுங்கள்.

ஐஸ் சொல்வது மெஷினின் கதை மட்டும். ஆளை இறக்கி, மறுபடி படுக்கவைத்து எடுத்தால் எவ்வளவு ஆடும் என்பது தனிக் கணக்கு. சம்மதிப்பவர்கள் சிலரை இரண்டிரண்டு முறை எடுத்து, ஒரே ஆளுக்குள் வரும் திட்டவிலகலை 2.77-ஆல் பெருக்குங்கள். விலகல் 0.05 என்றால் எல்லை சுமார் 0.14. அதற்குள் வரும் மாற்றத்தை ரிப்போர்ட்டில் மாற்றம் என்று எழுதவே கூடாது என்பது என் கட்சி.

டி1, அதாவது தூண்டிய திசுவின் காந்தத்தன்மை பழைய நிலைக்குத் திரும்பும் நேரம், அளப்பவர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். காந்தத்தின் பலத்தை டெஸ்லாவில் சொல்வார்கள்; 1.5 டெஸ்லாவைவிட 3 டெஸ்லாவில் திசுக்களின் டி1 நீளும். ஆகவே 1.5 டெஸ்லாவில் தொடங்கியவர் அதே மெஷினுக்கே வர வேண்டும் என்று அடுத்த அப்பொயின்ட்மென்ட் துண்டிலேயே எழுதிவிடுங்கள்.