பஞ்சு மேகம் காற்றைக் குடிக்கும் கணக்கு: எக்செல்லில் ஒரு செய்முறை

முற்பகலில் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நின்று மேற்கே பாருங்கள். அடிப்புறம் கத்தியால் வெட்டினாற்போலத் தட்டையாகவும் மேற்புறம் பஞ்சுப் பொதியாகவும் திரள்மேகங்கள் நிற்கும். சுற்றியுள்ள வறண்ட காற்றை உள்ளிழுத்துக் கலந்தபடியே அது எவ்வளவு உயரம் எழும் என்று கணக்கிட முயன்றேன். என் முதல் கணக்கில் அந்த மேகம் ஆறு கிலோமீட்டர் எகிறியது. கண்ணெதிரே இருந்ததோ இரண்டைக்கூடத் தொடவில்லை.

பைத்தான் நிரல்மொழியைப் பிறகு பார்க்கலாம். முதல் முறை எக்செல்தான் நல்லது. தப்பு எந்த வரியில் நுழைந்தது என்று கண்ணுக்குத் தெரியும்.

படி 1: காரைக்காலில் பறக்கவிடும் வானிலை பலூனின் பதிவு, வயோமிங் பல்கலைக்கழகத் தளத்தில் கிடைக்கும். 50 மீட்டருக்கு ஒரு வரியாக அழுத்தம், வெப்பநிலை, ஈரம் மூன்றையும் நிரப்புங்கள்.

படி 2: மேக அடித்தளம். தரையில் 30 டிகிரி, பனிநிலை (காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) 24 என்றால் வித்தியாசம் 6. டிகிரிக்கு 125 மீட்டர் வீதம் 750 மீட்டர்.

படி 3: கலப்பு. நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். மேகத்தின் வெப்பநிலையையும் வெளிக்காற்றின் வெப்பநிலையையும் நேரடியாகச் சராசரி எடுத்தேன். வறண்ட காற்று உள்ளே வந்தால் நீர்த்துளிகள் ஆவியாகும், ஆவியானால் குளிரும் என்பதை மறந்தேன். மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே சங்கதி. ஒரு கிலோ காற்றில் 1 கிராம் நீர் ஆவியானால் ஏறத்தாழ 2.5 டிகிரி இறங்கிவிடும். மேகத்தின் மிதப்பே, அதாவது அதை மேலே தள்ளும் வெப்பநிலை வித்தியாசமே, ஓரிரு டிகிரிக்குள் அடங்குவது. அதைத் தொலைத்தால் என்ன மிஞ்சும்?

ஆகவே, நீர் ஆவியானாலும் குளிர்ந்து துளியானாலும் மாறாத இரண்டை மட்டும் கலக்க வேண்டும். ஒன்று, ஆவியும் துளியும் சேர்ந்த மொத்த நீர். மற்றொன்று ஆற்றல்: கெல்வின் வெப்பநிலை × 1005, உயரம் × 9.81, நீராவி × 25 லட்சம், மூன்றின் கூட்டுத்தொகை. வெளிக்காற்று கலக்கும் வீதம் மீட்டருக்கு 0.002 என்றால், மேகத்துக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தில், 50 மீட்டர் ஏறும்போது பத்தில் ஒரு பங்கு கரையும். பார்படோஸ் அருகே 1969இல் நடந்த அளவீட்டை வைத்துச் செய்த கணினிப் பாவனைகள் தரும் அளவும் இதையொட்டியதே.

படி 4: வெப்பநிலையைத் திரும்பப் பெறுதல். முதலில் மொத்த நீரும் ஆவி என்று கொண்டு வெப்பநிலையைக் கணக்கிடுங்கள். அந்த வெப்பநிலையின் நிறைவு ஈரம் (காற்று தாங்கக்கூடிய அதிகபட்ச நீராவி) மொத்த நீரைவிட அதிகமா? அங்கே மேகம் இல்லை, வேலை முடிந்தது. குறைவென்றால் ஒரு வெப்பநிலையை ஊகித்து, அதன் நிறைவு ஈரத்தை நீராவியாக வைத்து ஆற்றலைக் கணக்கிடுங்கள். படி 3இல் கலந்து கிடைத்த ஆற்றலைவிடக் கூடினால் ஊகித்த வெப்பநிலையை இறக்குங்கள், குறைந்தால் ஏற்றுங்கள். மிஞ்சும் நீரே துளி.

படி 5: மிதப்பு. வெறும் வெப்பநிலையை ஒப்பிடாதீர்கள். கெல்வின் வெப்பநிலையை (1 + 0.61 × நீராவி − துளி) என்பதால் பெருக்கி, வெளிக்காற்றுக்கும் அதையே செய்து ஒப்பிடுங்கள். துளிக்கும் எடை உண்டு. மேகத்தின் மதிப்பு வெளியைவிடக் கூடுதலாக இருக்கும்வரை அது மேலே தள்ளப்படும்.

பிற்சேர்க்கை: இதைச் செய்துபார்த்து, மேகமே உருவாகவில்லை என்று வாசகர் இருவர் எழுதினார்கள். ஒருவர் ஈரத்தைக் கிராமிலேயே விட்டிருந்தார். கிலோவுக்கு மாற்ற வேண்டும். மற்றவர் எடுத்தது காலை 5.30 பலூன். அதன் கீழ்வரிகளில் இரவின் குளிர்ச்சி ஒட்டியிருக்கும். அவற்றை அழித்துப் பகல் நேரத் தரை அளவை இடுங்கள்.