கருவிலிருக்கும் குழந்தையின் கல்லீரலைப் பிளாஸ்டிக் வேதிப்பொருள்களிலிருந்து காப்பது எப்படி?

கருத்தரித்த நான்காம் வாரத்தில், பல பெண்களுக்குத் தாம் கர்ப்பமாக இருப்பதே உறுதிப்படாத நாள்களில், கருவின் கல்லீரல் சிறு மொட்டாக அரும்பத் தொடங்கிவிடுகிறது. அதன்பின் பல வாரங்கள், குழந்தைக்கு வேண்டிய இரத்த அணுக்களை உருவாக்கும் முதன்மையான உறுப்பும் அதுவே. ஆகவே இங்கே சொல்லப்படும் மாற்றங்களை, குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்த நாளிலேயே தொடங்குவது நல்லது.

கவனிக்க வேண்டியவை முக்கியமாக இரண்டு. பிஸ்பீனால் ஏ என்பது பாலிகார்பனேட் என்னும் கெட்டியான கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கிலும், தகர டப்பாக்களின் உட்பூச்சிலும், கடை ரசீதுகள் அச்சாகும் வெப்பத்தாளிலும் உள்ளது. தாலேட்டுகள் பி.வி.சி. பிளாஸ்டிக்கை வளையும்படி மென்மையாக்கச் சேர்க்கப்படுபவை. இரண்டுமே நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடைகின்றன. தாயின் கல்லீரல் பிஸ்பீனாலை வேறொரு மூலக்கூறுடன் பிணைத்துப் பெரும்பாலும் ஒரே நாளில் சிறுநீர் வழியே வெளியேற்றிவிடுகிறது. கருவின் கல்லீரலிலோ அந்தப் பிணைப்பைச் செய்யும் நொதிகள் மிகக் குறைவு. பிறந்த குழந்தைகள் பலருக்கு முதல் வாரத்தில் மஞ்சள் காமாலை தோன்றுவதற்கும் இதே முதிர்ச்சியின்மை ஒரு காரணம். தாயின் உடலிலிருந்து பிஸ்பீனால் விரைவாக வெளியேறுவது நமக்குச் சாதகமானது: உள்ளே வரும் வழிகளை இன்று அடைத்தால், சில நாள்களிலேயே அளவு குறையும்.

சான்றுகளின் நிலையையும் மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். கர்ப்பகாலத்தில் பிஸ்பீனால் கொடுக்கப்பட்ட எலிகளின் குட்டிகளுக்குக் கல்லீரலில் கொழுப்பு படிவதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அளவு கூடக்கூடக் கல்லீரல் கட்டிகளும் கூடின. மனிதர்களில் படம் இவ்வளவு தெளிவாக இல்லை. ஐரோப்பாவில் 1,108 தாய்-சேய் இணைகளை ஆராய்ந்து 2022-இல் வெளியான ஆய்வு, எண்ணெய் ஒட்டாத தாள்கள் போன்றவற்றில் பயன்படும் ஃபுளூரின் சேர்மங்களையும் சில உலோகங்களையும் குழந்தைகளின் கல்லீரல் பாதிப்போடு தொடர்புபடுத்தியது. சில தாலேட்டுகளுக்கும், பிஸ்பீனால் அடங்கிய வகையான பீனால்களுக்கும் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை; அவை கூடிய இடத்தில் பாதிப்பு குறைவாகவே தென்பட்டது. எனவே இது அச்சத்துக்கான காரணமன்று. ஆனால் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் பிஸ்பீனாலின் ஏற்கத்தக்க தினசரி அளவை 20,000 மடங்கு குறைத்தது என்பதை நினைவில் வைத்தால், கவனத்துக்குப் போதிய காரணம்தான் என்பது என் கருத்து.

சமையலறையில் தொடங்குங்கள். சூடும் எண்ணெயும் புளிப்பும் நீண்ட நேரமும் பிளாஸ்டிக்கோடு சேரும் இடங்களைத் தேடிப் பாருங்கள். கொதிக்கும் சாம்பாரைக் கவரில் கட்டி வாங்குவதற்குப் பதிலாக எவர்சில்வர் தூக்கை எடுத்துச் செல்லுங்கள். ஊறுகாயைப் பீங்கான் சாடிக்கும், எண்ணெயைக் கண்ணாடிக்கும் அல்லது எவர்சில்வருக்கும் மாற்றுங்கள். மைக்ரோவேவில் பிளாஸ்டிக் டப்பாவை வைக்காதீர்கள். கீறல் விழுந்து மங்கிய பழைய பாட்டில்களை ஒதுக்கிவிடுங்கள். அடியில் 7 என்ற எண் கொண்ட கெட்டியான தண்ணீர்க் கேன் பாலிகார்பனேட்டாக இருக்கலாம். அதை வெயிலில் வைக்காமல், வந்தவுடன் தண்ணீரைக் குடத்துக்கு மாற்றுவது எளிய வழி. சான் பிரான்சிஸ்கோ பகுதியில் ஐந்து குடும்பங்கள் மூன்று நாள்கள் மட்டும் பொட்டலமிடாத புதிய உணவை உண்டபோது, சிறுநீரில் பிஸ்பீனாலின் சராசரி 66 விழுக்காடு குறைந்தது. 2011-இல் வெளியான அந்த ஆய்வே எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது.

எனினும் பாத்திரத்தை மாற்றினால் மட்டும் போதாது. சியாட்டிலில் பத்துக் குடும்பங்களைக் கொண்டு நடந்த, 2013-இல் வெளியான ஆய்வில், பிளாஸ்டிக் படாமல் சமைத்துத் தரப்பட்ட உணவை உண்டவர்களுக்குத் தாலேட் அளவு குறைவதற்கு மாறாகப் பல மடங்கு உயர்ந்தது. தேடியபோது, கொத்தமல்லித் தூளிலும் பால் பொருள்களிலும் அது மிகுந்திருந்தது தெரிந்தது. நம் வீடுகளில் நாள்தோறும் புழங்கும் இவ்விரண்டையும் பற்றிக் கூடுதலாகச் சொல்வது அதனால்தான். மல்லியை முழு விதையாக வாங்கி, வறுத்து வீட்டிலேயே அரைத்து, எவர்சில்வர் டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். மிளகாய்க்கும் மஞ்சளுக்கும் இதையே செய்யலாம். பாலில் தாலேட்டுகள் சேரும் வழிகளில் ஒன்று, கறவை இயந்திரத்தின் மென்குழாய்கள். அதற்காகக் கர்ப்பிணி பாலை நிறுத்திவிடக் கூடாது. கால்சியமும் புரதமும் இழப்பது அதைவிடப் பெரிய தீங்கு.

கடையில் பணம் வாங்கும் இடத்தில் வேலை செய்பவர், ரசீதுகளைத் தொடும்போது கையுறை அணியலாம். கிருமிநாசினி தடவிய ஈரக் கையால் அவற்றைத் தொட்டால் தோல் வழியே மிகுதியாக உட்புகும். ‘பிஸ்பீனால் ஏ இல்லாதது’ என்று எழுதிய பொருளில் அதன் உறவான பிஸ்பீனால் எஸ் இருக்கக்கூடும். பிஸ்பீனால் ஏ போலவே அதுவும் ஹார்மோன்களைக் குழப்பவல்லது என்பதால், அந்த வாசகத்தை நம்பிச் சூடான உணவை ஊற்ற வேண்டாம்.

சில மாத்திரைகளின் மேற்பூச்சிலும், மருத்துவமனைக் குழாய்களிலும் தாலேட்டுகள் உண்டு. இதை அறிந்ததும் மருந்தையோ சிகிச்சையையோ நீங்களாக நிறுத்தாதீர்கள். மாற்று மாத்திரை உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஃபோலிக் அமிலத்தை அவர் சொன்ன அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். பிஸ்பீனாலை அளக்கச் சிறுநீர்ப் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்கவும் வேண்டியதில்லை: காலையில் ஓர் அளவும் மாலையில் வேறோர் அளவும் காட்டும் ஒன்றை, ஒரு மாதிரியைக் கொண்டு மதிப்பிட முடியாது. அந்தப் பணத்துக்கு இரண்டு எவர்சில்வர் சம்புடங்களும் ஒரு தூக்கும் வாங்கலாம்.